ஆயாத மல்லாட்டை

வருவாய் ஆய்வாளரின் ஆள்காட்டி விரல் என் மனுவின் மூன்றாவது வரியில் வந்து நின்றது. நின்ற இடத்திலேயே இரண்டு முறை தட்டியது.

முழங்கால்வரை சுருட்டிவிட்ட காற்சட்டையோடு அவர் கோவிந்தசாமிச் சித்தப்பாவின் கொல்லை நிலத்தில், கணுக்கால் புதையும் சேற்றில் நின்றுகொண்டிருந்தார். கிராம நிர்வாக அலுவலர் அவருக்குக் குடை பிடித்தார். பெருமழை ஓய்ந்து மூன்று நாளாகியும் தூறல் ஓயவில்லை. வரப்பின்மேல் எங்கள் ஊர் நிலக்காரர்கள் முப்பது பேர் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், சற்றுத் தள்ளி, கூலி வேலைக்கு வரும் பெண்கள்.

“‘அறுவடை செய்து குவித்து வைத்திருந்த மணிலாப் பயிர்’னு எழுதியிருக்கு. அப்போ அறுவடை முடிஞ்சிட்டுதா?” என்று கேட்டார் ஆய்வாளர்.

விரலை அந்த வரியிலிருந்து எடுக்காமலே தொடர்ந்தார்.

“பயிரா இருந்து அழிஞ்சாத்தான் நிவாரணம். அறுவடை ஆனதுக்கு உத்தரவுல எடமில்லைங்களே.”

முப்பது தலைகள் என் பக்கம் திரும்பின. அந்த மனுவை எழுதியவன் நான். அந்தச் சொல்லைத் தேர்ந்தவனும் நானே.

ஏரா, எழுதுகோலா?

இத்தொடரில் இதுவரை நான் வென்ற மேடைகளைப் பற்றியே எழுதி வந்திருக்கிறேன். ‘இருபத்தைந்து வயதில் நினைவுக் குறிப்பு எழுத என்ன அவசரம்?’ என்று ஓர் அன்பர் அஞ்சலட்டையில் கேட்டிருந்தார். அவசரம் உண்டு. வென்ற இடத்தை ஊர் நினைவில் வைத்துக்கொள்ளும். தோற்ற இடத்தை நாமே நமக்கு ஏற்றபடி மெல்ல மெல்லத் திருத்திவிடுவோம். திருத்துவதற்கு முன் எழுதிவிட வேண்டும் என்று விரும்புகிறேன்.

விழுப்புரத்தில் கல்லூரியில் படித்த மூன்றாண்டுகளும் எனக்குப் பாடநூலைவிடப் பட்டிமன்றமே பெரிதாக இருந்தது. ரயில் நிலையத்துக்குப் பின்புறம், நிலக்கரிப் புகை படிந்த ஒரு கூடத்தில் எங்கள் பேச்சுப் பயிற்சி மன்றம் கூடும். சரக்கு வண்டி கடந்து போகும்போதும் வாக்கியத்தை முறிக்காமல் பேசி முடிப்பவனே தேர்ந்த பேச்சாளன் என்பது அங்கே விதி. நாற்பது பெட்டி வண்டியின் இரைச்சலுக்கு மேலே நான் பேசி முடித்திருக்கிறேன். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றும் கூச்சமில்லை.

எங்கே மூச்சை நிறுத்துவது, எங்கே குரலைத் தாழ்த்துவது, எந்தச் சொல் அவைக்கு ஏற்றது, எது ஏலாதது என்பதெல்லாம் அங்கே கற்றவை. ஒரு சொல்லைக் கையில் எடுத்ததும், ‘இது மேடை ஏறுமா?’ என்று கேட்டுப் பார்ப்பது என் வழக்கமாயிற்று. மேடை ஏறாத சொல்லை வாசலிலேயே நிறுத்திவிடுவேன்.

திண்டிவனத்தில் ஒரு போட்டி. ‘நாட்டை வாழ்விப்பது ஏரா, எழுதுகோலா?’ என்பது தலைப்பு. நான் ஏரின் பக்கம் நின்றேன். உழவன் கையில் ஒட்டிய மண்ணைப் பற்றி நான் பேசியபோது முன்வரிசையில் இருந்த கடலை மண்டி வியாபாரிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். வெள்ளி முலாம் பூசிய கோப்பை எனக்குத்தான். அது நல்ல பேச்சு. இன்றும் அப்படியே மதிக்கிறேன். அதைப் பேசியவன் அன்றுவரை ஒரு நிலக்கடலைச் செடியைக்கூடத் தன் கையால் பிடுங்கியதில்லை என்பது மட்டும் அவையோருக்குத் தெரியாது.

மனு எழுதிய மாலை

பிரம்மதேசத்துக்கு அருகே மானாவாரி நிலம் சூழ்ந்த சிற்றூர் எங்களுடையது. நிலக்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம். வருவாய்த் துறைப் பதிவேட்டில் அதன் பெயர் மணிலா. ஆடியில் விதைத்து, ஐப்பசியில் செடியோடு பிடுங்கி, வேரும் காயும் மேலே தெரியக் கொல்லையிலேயே குவிப்பார்கள். பிறகு பெண்கள் குவியலைச் சுற்றி உட்கார்ந்து காய்களைச் செடியிலிருந்து பறித்தெடுப்பார்கள். அதற்கு ஆய்தல் என்று பெயர். பத்து மரக்கால் காய் ஆய்ந்தால் ஒரு மரக்கால் கூலி.

அந்த ஆண்டு ஊரே பிடுங்கி முடித்த மறுநாள் புயல்மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள் பெய்தது. ஐந்தாம் நாள் நான் ஒரு குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். உள்ளே சுட்டது. மாவு புளித்தாற்போல் ஒரு வாடை மேலெழுந்தது. எடுத்துப் பார்த்தால் ஓட்டைப் பிளந்துகொண்டு வெள்ளை வெள்ளையாய் முளை.

கோவிந்தசாமிச் சித்தப்பா என் தந்தையாரின் தம்பி. இரண்டு ஏக்கர் நிலம், ஒரு கிணறு, ஒரு சோடி உழவு மாடு. அவ்வளவே அவர் உடைமை. மார்கழிப் பட்டத்தில் கிணற்றடியில் விதைக்க வேண்டிய விதை அந்தக் குவியலிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். முளைத்த காய் விதைக்கு ஆகாது. வெளியில் விதை வாங்க வேண்டுமென்றால் விற்பதற்கு அவரிடம் மாடுகளைத் தவிர வேறொன்றும் இல்லை. மாட்டுத் தரகர் ஏற்கெனவே ஒரு முறை வந்து பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

அந்த நிலையில்தான் புயல் நிவாரணம் தரப்போவதாக வானொலியில் சொன்னார்கள். ஊரார் தொடக்கப் பள்ளியில் கூடினார்கள். மனு எழுத என்னை அழைத்தார்கள். வேறு யாரை அழைப்பார்கள்?

“எய்துப்பா. மல்லாட்டைய புடுங்கிப் போட்டுக்கினு இருந்தோம், ஆயறதுக்குள்ள மய வந்துட்ச்சி,” என்றார் சித்தப்பா.

“‘புடுங்கி’ன்னு தாசில்தாருக்கு எழுதறதா?” என்றேன்.

“இன்னாத்த புடுங்கினீங்கன்னு திருப்பிக் கேப்பாரு,” என்று பின்னாலிருந்து ஒரு குரல். பள்ளிக்கூடமே சிரித்தது.

சித்தப்பா சிரிக்கவில்லை. “புடுங்கினத புடுங்கினோம்னு எய்தாம வேற எப்பிட்றா எய்துவ?”

“மனு மனு மாதிரி இருக்கணும் சித்தப்பா. நீங்க சும்மா இருங்க, நான் பாத்துக்கறேன்.”

“பட்ச்ச புள்ள, அதுக்குத் தெரியாதா? வுடு கோவிந்தா,” என்றார்கள் மற்றவர்கள்.

‘பிடுங்கி’ மேடை ஏறாத சொல். அதை வாசலில் நிறுத்திவிட்டு, ‘அறுவடை செய்து குவித்து வைத்திருந்த’ என்று எழுதினேன். ‘ஆய்தல்’ தாசில்தாருக்குப் புரியாது என்று அதையும் விட்டுவிட்டேன். எழுதி முடித்து உரக்கப் படித்துக் காட்டினேன். ‘இயற்கையின் சீற்றத்தால் எங்கள் இன்னுயிர்ப் பயிர்’ என்ற இடத்தில் இருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கும் நெஞ்சு நிறைந்தது.

ஏழு நிமிடம்

அந்த மனுதான் இப்போது சேற்றில் நின்ற ஆய்வாளரின் கையில் நனைந்துகொண்டிருந்தது.

எழுத்தில் நேர்ந்த பிழையைப் பேச்சில் சரிசெய்துவிடலாம் என்று எண்ணினேன். ஓரடி முன்னே வந்து தொடங்கினேன். உழவின் பெருமையில் தொடங்கி, வானத்தின் வஞ்சனையைக் கடந்து, அரசின் கடமையில் முடித்தேன். ஏழு நிமிடம் பேசியிருப்பேன். ஓரிடத்திலும் தடுமாறவில்லை. ஆய்வாளர் குறுக்கிடாமல் கேட்டார். குடை பிடித்தவருக்குத்தான் கை வலித்தது, மூன்று முறை மாற்றிப் பிடித்தார்.

“ரொம்ப நல்லா பேசறீங்க தம்பி,” என்றார் ஆய்வாளர். அதில் கேலி இல்லை. “ஆனா நீங்க இப்போ பேசினதுலயும் ‘அறுவடை செய்த பயிரை’ன்னு ரெண்டு தடவை வந்துது.”

வரப்பில் ஒருவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “இவனப் பேச வுடாதீங்கப்பா, இன்னொரு தபா சொல்லிடப் போறான்!”

சித்தப்பா குனிந்து குவியலிலிருந்து ஒரு செடியை இழுத்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்லித் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

ஆய்வாளர் மனுவை மடிக்கத் தொடங்கினார். அவர் போக வேண்டிய ஊர்கள் இன்னும் நான்கு இருந்தன.

அருவாளுக்கு வேலையில்லை

“சார், ஒரு நிமிசம்!”

வரப்புக்குப் பின்னாலிருந்து வந்தது அந்தக் குரல். பூங்காவனம். ஆயும் பெண்களைச் சேர்த்து அழைத்து வருபவள் அவள்தான். ஐந்தாம் வகுப்புவரை என்னோடு ஒரே பலகையில் உட்கார்ந்து படித்தவள். பிறகு அவள் ஆய்வதற்கு வந்துவிட்டாள், நான் திண்டிவனத்துக்குப் படிக்கப் போனேன். ஊரார் முன்னிலையில் என்னை ‘நீங்க’ என்பாள். யாரும் இல்லாதபோது ‘நீ’ என்பாள். கேலி இரண்டிலும் ஒரே அளவு.

சேற்றை மிதித்துக்கொண்டு நேரே வந்து சித்தப்பாவின் கையிலிருந்த செடியை வாங்கினாள்.

“சார், உங்க ஊர்ல இன்னா வெள்ளாம?”

“தஞ்சாவூர்ப் பக்கம்மா. நெல்லு.”

“அதான பாத்தேன். நெல்ல அருவா வெச்சி அறுப்பீங்க. அதுக்கு அறுவட. மல்லாட்டைக்கு எவன் சார் அருவா எடுப்பான்? எட்த்தா ஊரே சிரிக்கும்.”

வரப்பில் சிரிப்பு எழுந்தது. ஆய்வாளரும் சிரித்தார்.

“சரி, அறுக்கல. புடுங்கியாச்சு இல்ல?”

“புட்ங்கினா ஆச்சா? காய் எங்க கீது பாருங்க. செடியிலதான் கீது. இஸ்து பாருங்க சார், நீங்களே இஸ்து பாருங்க.”

ஆய்வாளர் ஒரு காயைப் பிடித்து இழுத்தார். ஈரத்தில் காம்பு நார்போல் நீண்டதே தவிர, காய் வரவில்லை. இரண்டாம் முறை இழுத்ததில் செடி முழுவதும் அவர் கைக்கு வந்துவிட்டது.

“பாத்தீங்களா? அது இன்னும் பயிருதான். நெல்லு காத்துல சாஞ்சிட்டா பயிரு இல்லன்னு சொல்லிடுவீங்களா? இது படுத்துக்கினு கீது, அவ்ளோதான்.”

ஆய்வாளர் நிர்வாக அலுவலரைப் பார்த்தார். அவர் அடங்கல் என்னும் பயிர்ப் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, விளைச்சல் இன்னும் பதியவில்லை என்றார்.

“அப்போ எப்போம்மா முடிஞ்சுதுன்னு அர்த்தம்?” என்றார் ஆய்வாளர்.

“நாங்க ஆஞ்சி முட்ச்சி, மரக்கால்ல அளந்து, எங்க கூலிய எங்க முந்தானையில கொட்டினாதான் முட்ஞ்சிது. இந்தக் கொல்லையில எங்களுக்கு ஒரு காயி கூலி குடுத்தாங்களான்னு கேளுங்க. நாங்க ஆயவே இல்ல சார்!”

வாதத்தில் அடி வாங்கியவனுக்கு அடியின் அழகு தெரியும். ‘அறு’ என்ற வேரிலிருந்து பிறந்தது அறுவடை; அறுக்காத பயிருக்கு அது பொருந்தாது. மூன்றாண்டு சொற்போர் பயின்ற எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய வாதம் அது.

ஆய்வாளர் அந்தச் செடியைக் குவியல்மேல் திருப்பி வைத்தார். பிறகு என்னிடம் சொன்னார்: “தம்பி, வேற மனு எழுதுங்க. இந்தம்மா சொன்ன மாதிரியே எழுதுங்க. நான் இருக்கேன்.”

தம் தோல்பையிலிருந்து வெள்ளைத் தாளும் கார்பன் தாளும் எடுத்துக் கொடுத்தார். சித்தப்பாவின் முதுகைச் சாய்மேசையாக்கி நான் எழுதினேன். ‘பிடுங்கிப் போட்டது. காய் ஆயவில்லை. கூலி அளக்கவில்லை.’ மூன்று சிறு வாக்கியங்கள். மூச்சு நிறுத்த இடமே இல்லாத வாக்கியங்கள். ஆய்வாளர் பழைய மனுவைக் கிழிக்கவில்லை. இரண்டையும் சேர்த்துக் குத்தி, அடியில் தம் கையெழுத்தில் குறிப்பெழுதினார்: காய்கள் செடியிலேயே உள்ளன, நேரில் இழுத்துப் பார்த்தேன்.

ஐயத்துக்கு இடமான மனுவை ஒதுக்கிவிட்டுப் போவது அவருக்கு எளிது. தம் பெயரில் பொறுப்பை ஏற்றுக்கொண்டு அந்த ஒரு வரியை அவர் எழுதினார். அதன்பின் அவரை நான் பார்த்ததில்லை. எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

மூன்றாவது மனு

அவர்கள் போன பிறகு, வாய்க்கால் மதகில் காலைக் கழுவிக்கொண்டிருந்த பூங்காவனத்திடம் போனேன்.

“இன்னா பேச்சாளரே, தொண்ட வலிக்கிதா?” என்றாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “நீ அழகா எய்திட்ட. அதான் பேஜாராப் போச்சி,” என்றாள்.

“நிவாரணம் வந்தா உனக்கு என்ன கிடைக்கும்?”

“எனக்கு இன்னா பட்டாவா கீது?” முந்தானையால் காலைத் துடைத்தாள். “கூலியும் இல்ல. ஆயவே இல்லன்னு நான்தான சொன்னேன்? ஆயாததுக்கு எவன் கூலி அளப்பான்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்களுக்காக அவள் சொன்ன சாட்சி அவளுக்கும் அவளோடு வரும் பதினோரு பெண்களுக்கும் எதிரான சாட்சியாகவும் இருந்தது. தெரிந்தேதான் சொல்லியிருக்கிறாள். அந்தக் கூலிக் காய்தான் தை பிறக்கும்வரை அவர்கள் வீட்டு எண்ணெய்க்கும் உப்புக்கும் வழி.

அன்றே அவர்களுக்காக ஒரு மனு எழுதினேன். சொல்லுக்குச் சொல் அவர்களைக் கேட்டே எழுதினேன். பன்னிரண்டு பேரில் மூவர் கையெழுத்திட்டார்கள். ஒன்பது பேர் கட்டைவிரல் வைத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு திண்டிவனம் தாலுகா அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தர் முழுவதையும் படித்தார். “நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா நெலம் வெச்சிருக்கவங்களுக்குத்தான் உத்தரவு வந்திருக்கு,” என்று வருத்தத்தோடு திருப்பித் தந்தார். வாங்கிக்கொண்டு பேருந்து ஏறினேன். அன்று நான் எவருக்கும் பேச்சு நிகழ்த்தவில்லை.

மரக்கால்

மார்கழித் தொடக்கத்தில் நிவாரணம் வந்தது. அரசை மேடையில் ஏசுவது எளிது. நானும் ஏசிக் கைதட்டு வாங்கியவன்தான். ஆனால் அந்த ஆண்டு எங்கள் ஊருக்கு அரசின் பணம் வந்தது, விதைப்புக்கு முன்பே வந்தது, இடையில் எவர் கையும் நீளாமல் வந்தது என்பதை இங்கே எழுதி வைப்பது என் கடமை. பள்ளியில் பெயர் பெயராக அழைத்துக் கொடுத்தார்கள். சித்தப்பா மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கோயிலில் திருநீறு வாங்குவதுபோல் இரு கையாலும் வாங்கினார்.

மறுநாள் வந்த மாட்டுத் தரகரிடம், “மாடு குடுக்கறதில்லீங்க, மோர் குட்ச்சிட்டுப் போங்க,” என்றார். அதற்கடுத்த நாள் திண்டிவனம் சென்று விதை வாங்கி வந்தார். அதற்கும் அடுத்த நாள் என்னை அனுப்பி, பூங்காவனத்தையும் மற்றப் பெண்களையும் கொல்லைக்கு வரச் சொன்னார்.

அவர்கள் வந்தபோது சித்தப்பா பழைய குவியலின் பக்கத்தில் நின்றிருந்தார். மழையில் அழுகி, வெயிலில் காய்ந்து, கரிபோல் கறுத்துக் கிடந்தது குவியல்.

“ஆயணும்,” என்றார்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “இன்னாங்க ஐயா, இத ஆஞ்சி யாருக்கு வறுத்துக் குடுக்கப் போறீங்க? மாடுகூட மோந்து பாக்காது,” என்றாள் பூங்காவனம்.

“ஆயாம கெடக்குதில்ல? பத்துக்கு ஒண்ணு. இன்னிக்கி மண்டியில நல்ல காயி இன்னா வெலையோ, அந்த வெலைக்கிக் கூலியப் பணமாக் குடுத்துடறேன்.”

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். சும்மா நீட்டியிருந்தால் அந்தப் பணத்தை அவள் தொட்டிருக்க மாட்டாள். இருவருக்கும் அது தெரியும். “அப்ப ஜல்தியா ஒக்காருங்கடீ, வெயில் ஏறப் போவுது,” என்றாள் தோழிகளிடம்.

ஊரில் இப்படிச் செய்தவர்கள் நால்வர். என் தந்தையார் அந்த நால்வரில் இல்லை. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. அவருக்குப் பதிலாக அல்ல, எனக்காகவே, நானும் குவியல் அருகில் உட்கார்ந்தேன்.

காய்கள் தொட்டதும் உதிர்ந்தன. சில விரலிலேயே பொடிந்தன. கையெல்லாம் கருமை. ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்தி, “பேச்சாளர் ஆயற லட்சணத்துக்கு அடுத்த பொயலே வந்துடும்,” என்றாள். உச்சிவேளைக்குள் ஆய்ந்து முடித்தோம். நடுவே ஒரு கறுப்புக் குன்று எழுந்து நின்றது.

சித்தப்பா மரக்காலை எடுத்து வந்து குந்தினார். எங்கள் பக்கத்தில் அளக்கும்போது முதல் அளவை ஒன்று என்று சொல்வதில்லை. லாபம் என்றே சொல்ல வேண்டும். அவர் மரக்காலைக் குவியலுக்குள் விட்டு, நிரப்பி, பொன்னை அளப்பதுபோல் உள்ளங்கையால் தலைதட்டி, பழக்கத்தில் உரக்கச் சொன்னார்:

“லாபம்!”

பூங்காவனம் வெடித்துச் சிரித்தாள். மற்றப் பதினோரு பெண்களும் சிரித்தார்கள். தாம் சொன்னது என்னவென்று அப்போதுதான் காதில் விழுந்ததுபோல் சித்தப்பாவும் சிரித்தார். புயலுக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது அவருக்கு. கரிக்கையால் துடைத்ததில் முகமெல்லாம் மை.

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, மரக்காலை மீண்டும் குவியலுக்குள் விட்டார்.

“ரெண்டு,” என்றார்.